பால் கவரில் ஒரு போத்து

பிப்ரவரி 11, செவ்வாய்

மயிலாத்தாள் இறந்து இன்றோடு பதினேழு நாள். நேற்று கருமாதி முடிந்தது. மகன் லோகு காலை ரயிலில் பெங்களூருக்குப் போய்விட்டான். பத்து மணிக்குக் குடோன் திறந்தேன்.

சாயங்காலம் வாளி எடுக்கப் பின்கட்டுக்குப் போனேன். துவைக்கிற கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பால் கவர். அதில் மண் போட்டு ஒரு குச்சி நட்டிருந்தது. ஒரு ஜாணுக்குக் கொஞ்சம் மேலே உயரம். ஏழு இலை, நாலு தொங்கிவிட்டன. வாஷிங் மெஷின் தண்ணீர் வந்து விழுகிற இடம் அது. மெஷின் ஓடி மூன்று வாரம் ஆகிறது.

ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன். என்ன செடி என்று தெரியவில்லை.

பிப்ரவரி 12

இலை நிமிர்ந்துவிட்டது. சர்க்கரை ஆலைச் சாக்கு வந்தது. பாதி கிழிசல்.

பிப்ரவரி 15

குடோனில் சாக்குத் தைக்கிற பெண்கள் ஐந்து பேர். அதில் துளசி மூத்தவள், பதினெட்டு வருஷமாக இருக்கிறாள், வாய் நீளம். செடியை எடுத்துப்போய் அவளிடம் காட்டினேன்.

"காப்பிச் செடிங்கண்ணா."

"ஈரோட்டு வெயில்ல காப்பி எங்க வரும்?"

"அதான் வாடிப் போச்சாக்கும்."

பக்கத்தில் இருந்தவள் எலுமிச்சை என்றாள். முள் இல்லையே என்றேன். இனிமேல் வரும் என்றாள். பால்காரர் சீத்தா என்கிறார். எதிர்வீட்டு அம்மாள் தொட்டுப் பார்த்துவிட்டு, எதுவானாலும் வீட்டுக்கு முன்னால் வைக்காதீர்கள் என்றார்.

மண்வாசம் தெரியாத ஆள் இல்லை நான். முப்பத்தாறு வருஷமாகப் பழைய சாக்கு வாங்கி, தரம் பிரித்து, தைத்து விற்கிறேன். ஒரு சாக்கைக் கொடுத்தால் மோந்து பார்த்து உள்ளே என்ன இருந்தது, மழையில் நனைந்ததா, எந்தப் பக்கத்துச் சரக்கு என்று சொல்வேன். ஒரு குச்சியைப் பார்த்து அது என்ன என்று சொல்ல முடியவில்லை. பெயர் தெரியாத சரக்கை நான் குடோனில் வைத்ததில்லை. இதைக் கண்டுபிடிக்காமல் விடுவதாக இல்லை.

பிப்ரவரி 16

லோகுவுக்குப் படம் அனுப்பினேன். செல்போனில் செடியின் பெயர் சொல்கிற ஆப் இருக்கிறதாம்.

"மூணு பேர் சொல்லுதுப்பா. ஒண்ணு ஆப்பிரிக்காவுல மட்டும் இருக்கறதாம்."

"அம்மா ஆப்பிரிக்கா போகலை."

அவன் சிரிக்கவில்லை. நான் சிரிப்புக்காகச் சொல்லவும் இல்லை. "யாருக்காவது குடுத்துட்டு நீங்க இங்க வந்துருங்கப்பா" என்றான். பார்க்கலாம் என்றேன்.

பிப்ரவரி 22

ஆஸ்பத்திரியிலிருந்து மயிலாத்தாளுடைய காகிதங்கள் எல்லாம் தபாலில் வந்தன. டிசம்பரில் அவள் குளியலறையில் விழுந்தபோதுதான் டாக்டர் என்னிடம் நோயைச் சொன்னார். "ஜூலையிலேயே சொன்னோமே, ஃபைல்ல இருக்குதே" என்றும் சொன்னார். ஆஸ்பத்திரிக்காரர்கள் பழி தங்கள் மேல் வராமல் இப்படித்தான் பேசுவார்கள். நானும் வியாபாரிதான், சரக்கு கெட்டால் முதலில் தேதியைத்தான் மாற்றுவேன்.

உறையைப் பிரிக்கவில்லை. பீரோவில் வைத்தேன்.

மார்ச் 3

பால் கவர் வேர் முட்டிக் கிழிந்துவிட்டது. குடோனிலிருந்து கெட்டியான பிளாஸ்டிக் சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து, பாதி உயரத்துக்கு மடித்து, செம்மண்ணும் தொழுவுரமும் போட்டுச் செடியை மாற்றினேன். கவரைக் கழுவி அடுக்களை ஜன்னல் கம்பியில் மாட்டினேன். எந்தக் கவரையும் எறிகிற பழக்கம் எனக்கு இல்லை.

மார்ச் 4

தண்ணீர் விட்டேன்.

மார்ச் 5

தண்ணீர் விட்டேன். தயிர் புளித்துவிட்டது என்று சமையலுக்கு வருகிற அம்மாள் சொன்னார். எனக்குத் தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டேன்.

மார்ச் 14

இலை ஓரமெல்லாம் தீயில் காட்டினதுபோல் கருகியிருக்கிறது. தண்ணீர் போதவில்லையோ என்று இரண்டு வேளை ஊற்றியும் கருகல் நிற்கவில்லை. சம்பளம் வாங்க வீட்டுக்கு வந்த துளசி பின்கட்டுக்கு வந்து பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, இது என்ன சாக்குங்க?"

"கெட்டிச் சாக்கு."

"அது கண்ணுக்குத் தெரியுதுங்க. உள்ள என்ன இருந்துச்சுன்னு கேக்கறேன்."

குனிந்து மோந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அவள் சாக்கின் விளிம்பை விரலால் தேய்த்து நாக்கில் வைத்தாள். உடனே துப்பினாள்.

"உப்புங்கண்ணா! கல்லுப்புச் சாக்கு! ஊர்ல இருக்கற சாக்கையெல்லாம் மோந்து சொல்றவரு, உப்புச் சாக்குல செடி வெச்சுருக்கீங்களே. வெளிய சொல்லீராதீங்க, யாவாரம் போயிரும்."

சளி, மூக்கு அடைப்பு என்றேன்.

"எப்ப இருந்துங்க?"

"கொஞ்ச நாளா."

அவளே வேரை மூன்று முறை தண்ணீரில் அலசி, புண்ணாக்குச் சாக்கு ஒன்றில் புது மண் போட்டு வைத்துக் கொடுத்தாள். இருந்த பதினோரு இலையில் மிச்சம் மூன்று.

மார்ச் 15

மூன்று.

மார்ச் 19

இரண்டு.

மார்ச் 27

இரண்டு. காங்கேயம் பார்ட்டி கொப்பரைக்குச் சணல் சாக்கு கேட்டார். இருக்கிறதில் நல்லதைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னேன். வழக்கமாக நானே மோந்து பார்த்துப் பிரிப்பேன். இப்போது துளசி பிரிக்கிறாள்.

ஏப்ரல் 6

கணுவில் அரிசி அளவு ஒரு துளிர். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். துளிர்தான்.

மே 20

அக்கினி நட்சத்திரம். செடிக்கு மேலே பழைய சணல் சாக்கைப் பந்தல்போல் கட்டினேன். இடுப்பு உயரம் வந்துவிட்டது. நேராக நிற்காமல் கொடிமாதிரி சாய்கிறது, ஆனால் தண்டு கட்டை. கொடியா செடியா என்று அதற்கே தெரியவில்லை. ஒரு மூங்கில் ஊன்றிக் கட்டினேன்.

லோகு பேசினான். "தனியா என்னப்பா பண்றீங்க?" என்றான். செடிக்குப் பந்தல் போட்டேன் என்றேன். "அம்மாவோட புடவையெல்லாம் என்ன பண்ணலாம்?" என்றான். பார்க்கலாம் என்றேன்.

ஜூன் 30

எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

செடியில் கொக்கி முளைத்திருக்கிறது.

இலைக்கு எதிர்ப் பக்கத்தில், தண்டிலிருந்து கட்டையாக வந்து, உள்பக்கம் வளைந்து நிற்கிறது. இரண்டு கொக்கி. முள் இல்லை, கொடிச்சுருளும் இல்லை. மூட்டை தூக்குகிற ஆட்கள் கையில் வைத்திருப்பார்களே, அதே கொக்கி. அதே வளைவு. இருபத்தைந்து வயது வரை மண்டியில் மூட்டை தூக்கியவன் நான், வலது உள்ளங்கையில் கொக்கி இழுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. செடியின் கொக்கியை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். பொருந்துகிறது.

ஆகஸ்ட் 10

ஒரு கொக்கியோடு சிறு கிளையை ஒடித்துக்கொண்டு சத்தி ரோட்டில் நர்சரி வைத்திருக்கும் நாச்சிமுத்துவிடம் போனேன். கையில் வாங்கவே இல்லை, தூரத்தில் இருந்தே சொல்லிவிட்டார்.

"மனோரஞ்சிதமுங்க. கொக்கி வர்ற வரைக்கும் நூறு பேர் பார்த்தாலும் தெரியாது. கொக்கி வந்துட்டா சந்தேகமே இல்லை. பூ அதுலதான் வரும். இலை மாதிரியே பச்சையா இருக்கும், வந்ததே தெரியாது. பழுத்து மஞ்சளானா தெருவே மணக்கும். எந்தப் பழத்தை நெனச்சுட்டு மோந்தாலும் அந்தப் பழத்து வாசம் வரும்னு சொல்லுவாங்க."

"சரிங்க."

"விதையில போட்டதுங்களா, பதியனா?"

"போத்து. ஒடிச்ச குச்சியைப் பால் கவர்ல நட்டிருந்துது."

"போத்துலயா? நானே மருந்து தொட்டு வெச்சாலும் அம்பதுல ஒண்ணு வர்றதில்லைங்க. யார் வெச்சது?"

"வீட்டுல."

"கைராசிக்காரங்க. ஒருநாள் கூட்டிட்டு வாங்க, எனக்கு ஒரு நூறு போத்து வெச்சுக் குடுக்கட்டும்."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். இந்தப் பக்கத்தில் யார் வீட்டிலும் இந்தச் செடி கிடையாது, எங்கேயோ பழைய செடியில் ஒடித்திருக்க வேண்டும் என்று. கடையில் வாங்கினதல்ல. மயிலாத்தாள் தனியாக வெளியூர் போகிறவளும் அல்ல. பெயர் தெரிந்துவிட்டது, வந்த இடம் தெரியவில்லை. இடம் தெரியாத சரக்கும் பாதிச் சரக்குதான்.

ஆகஸ்ட் 11

பால் கவர் ஜன்னல் கம்பியிலேயே இருக்கிறது. சாக்கு ஆனாலும் கவர் ஆனாலும் அச்சைப் படிக்காமல் நான் விடுவதில்லை, இதை மட்டும் ஆறு மாதமாகக் கண்முன்னால் மாட்டிவைத்துவிட்டுப் படிக்கவில்லை. மங்கலாகத் தேதி இருக்கிறது. போன வருஷம் ஜூலை 19. பால் வாங்கின நாளோ அடுத்த நாளோ நட்டிருக்க வேண்டும்.

போன வருஷத்து டைரியை எடுத்தேன். என் கையெழுத்து:

'ஜூலை 18. கோவை. மயிலா ஆஸ்பத்திரி, வயிற்று வலி. மாத்திரை கொடுத்தார்கள். திரும்பும்போது பெருந்துறைக்கு முன்னால் எடைமேடை எதிரில் பத்து நிமிடம் நிறுத்தம், போன். காங்கேயம் பார்ட்டி, சணல் சாக்கு ஆயிரத்து ஐந்நூறு முடிவானது.'

அன்று டாக்டர் அறைக்குள் நான் போகவில்லை. வராந்தாவில் சிக்னல் நன்றாக இருந்தது. என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, மாத்திரை என்றாள். எடைமேடை எதிரில் போன் பேசியது நினைவிருக்கிறது. காங்கேயத்துக்காரர் சாக்குக்கு என்னென்ன குறை சொன்னார் என்பதுகூட நினைவிருக்கிறது. அவள் வண்டியை விட்டு இறங்கினாளா என்பது நினைவில்லை.

அந்த வருஷ டைரி முழுவதையும் புரட்டினேன். மயிலா என்ற பெயர் ஆறு இடத்தில். நான்கு இடத்தில் ஆஸ்பத்திரி. ஓரிடத்தில் வீட்டுச் சாவி அவளிடம் இருப்பதாக. ஓரிடத்தில், சிலிண்டர் வந்ததை அவள் சொன்னதாக.

செப்டம்பர் 4

இன்று வந்த துளசி என் வீட்டு வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"பலாப்பழம் வாங்கினீங்களாண்ணா?"

இல்லை என்றேன். நேராகப் பின்கட்டுக்குப் போய், இலை மறைவிலிருந்து ஒரு மஞ்சள் பூவைக் காட்டினாள். தடித்த இதழ், தோல்போல. அது பூத்துப் பழுத்து எத்தனை நாள் ஆயிற்றோ தெரியாது. தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுகிறவன் நான்.

"மோந்து பாருங்க. ஏதாச்சும் நெனச்சுட்டு மோக்கணும்."

மோந்தேன். "நல்லாத்தான் இருக்குது" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 6, சனி

எடைமேடைக்குப் போனேன். இருபது வருஷமாக லோடு எடை போடுகிற இடம், எதிரில் ஒரு வீடு இருப்பதை இன்றுதான் பார்த்தேன். தாழ்வான காம்பவுண்டுச் சுவர். சுவரோரம் சிமெண்டு புதிதாகப் பூசியிருக்கிறது, மனோரஞ்சிதம் எதுவும் இல்லை. இடம் தப்பு என்று திரும்பிப் போகப் பார்த்தபோது உள்ளேயிருந்து ஓர் அம்மாள் வந்தார். வெள்ளை முடி, நேரான நடை.

"யாருங்க வேணும்?"

"போன வருசம் ஜூலையில இங்க ஒரு செடியில போத்து ஒடிச்சிருப்பாங்க போல. கேக்க வந்தனுங்க."

கையில் வைத்திருந்த பூவைக் காட்டினேன். பூவைப் பார்த்ததும் கேட்டைத் திறந்துவிட்டார்.

"பச்சைச் சேலை. வெள்ளை வண்டி."

"சேலை தெரியலைங்க. வண்டி வெள்ளைதான்."

அவர் பெயர் சுகிர்தம். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலி போட்டார்.

"சுவத்துக்கு மேல கையை நீட்டி ஒடிச்சுக்கிட்டு இருந்தாங்க. யாரது திருடின்னு சத்தம் போட்டேன். ஓடவே இல்லையே! கேட்டு வாங்கி வெச்சா வராதுங்க, திருடி வெச்சாத்தான் பிடிக்கும், நீங்க உள்ள போயிருங்க, பார்க்காத மாதிரி இருங்கன்னு எனக்கே சொல்றாங்க. சிரிப்பு வந்துருச்சு. அப்ப இன்னொண்ணும் திருடிக்கோங்கன்னு கேட்டைத் திறந்து உள்ள கூப்பிட்டேன்."

மயிலாத்தாள் ஒரு கொத்துக் கறிவேப்பிலைகூடக் கேட்காமல் பறிக்க மாட்டாள் என்று நான் நினைத்திருந்தேன்.

"செடி எங்கங்க?"

"சித்திரையில வெட்டியாச்சு. பாம்பு வருதுன்னு மருமகன் வேரோட எடுத்துட்டாரு. நான் ஊர்ல இல்லாத நாளாப் பார்த்து." பூவைக் கையில் வாங்கி மோந்தார். கண்ணை மூடிக்கொண்டு நிறைய நேரம் மோந்தார். "கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தப்ப நான் வெச்சதுங்க. நாப்பத்தெட்டு வருசம். இப்ப உங்க வீட்டுல இருக்கறதுதான் அதோட மிச்சம். நீங்க என்ன பழம் நெனச்சு மோந்தீங்க?"

"எனக்கு மூக்கு அடைப்புங்க."

"எத்தனை நாளா?"

"ஜனவரியில இருந்து."

அதற்கு மேல் மூக்கைப் பற்றி அவர் கேட்கவில்லை. மயிலாத்தாள் எப்படி இருக்கிறாள் என்றும் கேட்கவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, வேறு குரலில் பேசினார்.

"ஐயா, நான் நர்ஸுன்னு பேச்சுல வந்துச்சுங்க. உடனே பையில இருந்து ஃபைலை எடுத்துக் குடுத்தாங்க. டாக்டர் சொன்னது பாதிதான் புரிஞ்சுது, முழுசா சொல்லுங்கன்னாங்க. நீங்க உட்கார்ந்திருக்கற நாற்காலிதான். படிச்சு, சொன்னேன்."

எடைமேடையில் ஒரு லாரி ஏறி நின்றது. லோடு இரும்புக் கம்பி.

"கேட்டுட்டு அழலைங்க. கொஞ்ச நேரம் செடியையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நான் வெளிய வண்டியைக் காட்டி, வீட்டுக்காரரைக் கூப்பிடட்டுமான்னு கேட்டேன். அதுக்கு அவங்க…"

"சொல்லாதீங்க" என்றேன்.

நிறுத்திவிட்டார்.

"இப்ப வேண்டாமுங்க. சும்மா வாங்கி எனக்குப் பழக்கமில்லை. உங்களுக்குச் செடி வேணுமுங்களா?"

"கேக்கலாம்னுதான் இருந்தேன். ஒரு போத்து…"

"போத்து பிடிக்காதுங்க. பதியன் போட்டுத் தர்றேன். செடியைக் குடுத்துட்டு மிச்சத்தைக் கேட்டுக்கறேன்."

"என்னய்யா இது? இதுக்குமா வியாபாரம்?" என்றார். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸுகள் பார்க்கிற பார்வை. "வேர் விட எத்தனை நாள் ஆகும்?"

"மூணு மாசமுங்க."

"எழுபத்தி மூணு வயசுங்க எனக்கு. சீக்கிரம் வேர் விடச் சொல்லுங்க."

செப்டம்பர் 7, ஞாயிறு

பீரோவிலிருந்த ஆஸ்பத்திரி உறையைப் பிரித்தேன். ஜூலை 18 என்றுதான் இருக்கிறது. தேதியை யாரும் மாற்றவில்லை.

தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, அடிப்பக்கம் இரண்டு விரல் அளவு பட்டை சீவி, பக்கத்தில் வைத்த இன்னொரு சாக்கு மண்ணில் புதைத்து மேலே செங்கல் வைத்தேன். மண் போடுவதற்கு முன்னால் சாக்கின் விளிம்பைத் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு இல்லை.

நேற்று சுகிர்தம் அம்மாளோடு பேசி முடித்தது:

நான் தர வேண்டியது மனோரஞ்சிதம் பதியன் ஒன்று. வேர் பிடித்து, தாய்ச்செடியிலிருந்து அறுத்த பிறகும் பதினைந்து நாள் வாடாமல் நின்றதாக இருக்க வேண்டும். டிசம்பர் கடைசிக்குள் அவர் வீட்டு வாசலில் நானே இறக்கி, குழி எடுத்து நட வேண்டும். பட்டுப்போனால் மறுபடி பதியன், அதுவும் என் பொறுப்பு. அவர் தர வேண்டியது, மயிலாத்தாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த பத்து நிமிடம். கூட்டாமல், குறைக்காமல்.